தையல் இல்லாத வயிறு

உக்காரு தங்கச்சி. கட்டில்லயே உக்காரு, எதுக்குத் தரையில குத்தவச்சிருக்க? உம் மக உள்ள போயிருக்கா, வர நேரமாகும். அதுவரைக்கும் இந்தக் கட்டிலு உன்னோடதுதான். ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், மனசுல வச்சுக்காத. இந்த வார்டுல ஃபேனுக்கு நேர் கீழ இருக்கறது இந்த ஒரு கட்டிலுதான். இதுல இருந்த அமலி காலி பண்ணதும் எங்களுக்குத்தான் தரணும்னு சிஸ்டர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். காலையில அவ கெளம்புறா, விரிப்ப மாத்துறாக, நான் எங்க வாளியையும் பையையும் தூக்கிட்டு வர்றேன், அதுக்குள்ள உம் மகளுக்குன்னு சொல்லிட்டாக. பரவால்ல. நீ என்ன செய்வ, பாவம்.

வந்ததும் வராததுமா தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாகல்ல? எங்களுக்கெல்லாம் அந்தக் கவனிப்பு கெடைக்கலம்மா.

அழாத. டிராக்டர்ல இருந்து விழுந்துட்டாளாமே, உங்க வீட்டுக்காரரு வாசல்ல சொல்லிட்டு இருந்தாரு. மண்ணீரலாமே? எம் மகனுக்கும் அதேதான். இந்தா படுத்திருக்கானே, மிதுன். மூணாப்பு படிக்கிறான். வேர்க்குதுன்னு சட்டைய நெஞ்சு வரைக்கும் ஏத்திவிட்டுட்டுத் தூங்குறான் பாரு. ஃபேன் அடியில படுத்திருந்தா ஏன் வேர்க்கப் போகுது? சரி, அத விடு.

நாங்க உசிலம்பட்டிப் பக்கம். எம் பேரு ஒச்சம்மா. எனக்கு மல்லிகப்பூ எடுக்கற வேலை, எங்க வீட்டுக்காரரு லோடு வண்டி ஓட்டுறாரு. இந்தப் பய, அவுக பெரியப்பன் மகன் சைக்கிள எடுத்துக்கிட்டு கம்மாக்கரைக்குப் போயிருக்கான். கால் எட்டாத சைக்கிளு. சரிஞ்சு விழுந்ததுல கைப்பிடி வந்து இடது பக்கமா வயித்துல குத்திருச்சு. வெளிய ஒரு காயமும் இல்ல, சும்மா வட்டமா செவந்திருந்துச்சு. அடிப்பேன்னு பயந்து எங்கிட்ட சொல்லவே இல்ல. சோறு வேணாம்னான். தோள்பட்டை வலிக்குதுன்னான். நான் தோளுக்குத் தைலம் தேச்சு விட்டேன், பாரு கூத்த. வயித்துல அடிபட்டா தோள்ல வலிக்கும்னு யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரத்துல மொகம் வெளுத்து, ஒடம்பெல்லாம் சில்லுனு ஆகி அப்படியே சரிஞ்சிட்டான். லோடு வண்டியிலயே தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தோம்.

ஸ்கேன் எடுத்தாக. இங்க வானதின்னு ஒரு டாக்டரம்மா இருக்கு, பார்த்திருப்பியே, கண்ணாடி போட்டு, குட்டையா. அது வந்து சொல்லுச்சு. "மண்ணீரல் கிழிஞ்சிருக்கும்மா. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ஆனா இப்ப நின்ன மாதிரிதான் தெரியுது. நாடி, பிரஷர் ரெண்டும் இப்ப நல்லா இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு அது தானாவே கூடிக்கும். ஆபரேஷன் வேண்டாம். படுக்க வச்சுப் பார்ப்போம்."

பார்ப்போமாம். நான் என்ன பார்க்கவா கூட்டியாந்தேன்? பார்க்கறதுக்கு நான் ஒருத்தி போதாதா?

அதே அன்னைக்குத்தான் இந்த அமலி வந்தா. திண்டுக்கல்லு பக்கத்துக்காரி. அவ புருஷன் வண்டியில மகன முன்னால டேங்கு மேல உக்கார வச்சு ஓட்டியிருக்காரு. எதுக்க ஆட்டோ வந்துருச்சு. அவருக்குக் கால் ஒடஞ்சு கீழ ஆம்பளைக வார்டுல கெடந்தாரு, மகனுக்கு வயித்துல அடி. ஜெரோம்னு பேரு, எம் மகன் வயசுதான். அவனுக்கும் மண்ணீரல்தான் கிழிஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல அடி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டரம்மா. அவனுக்கு மட்டும் ரத்தம் ஏத்துறாக, பெரிய டாக்டரு ஓடி வர்றாரு, சக்கரக் கட்டில உருட்டிக்கிட்டு நாலு பேரு ஓடுறாக. எம் மகனுக்கு? ஒரு டிரிப்பு. கையில பிரஷர் பார்க்க ஒரு பட்டை. வயித்த அளக்க ஒரு டேப்பு. தையக்காரன் மாதிரி மணிக்கொருக்கா வந்து வயித்த அளந்துட்டுப் போறாக. அளந்தா சரியாயிருமா?

எனக்கு வயிறு எரிஞ்சிச்சு தங்கச்சி. மறைக்காம சொல்றேன். எரியாதா?

அவன் தியேட்டர்ல இருந்து வந்தான் பாரு, ராஜா வீட்டுப் புள்ள மாதிரி. சுத்தித் தடுப்பு வச்சாக, ஃபேனடிக் கட்டிலக் குடுத்தாக. மேலயிருந்து கீழ வரைக்கும் நெட்டா கட்டு. எட்டிப் பார்க்க ஒரே கூட்டம். அவுக கோயில் ஃபாதரு வந்தாரு, கன்னியாஸ்திரிமாரு வந்தாக, பாட்டே படிச்சாக. ஆப்பிளென்ன, ஆரஞ்சென்ன, பிஸ்கட்டென்ன. எங்காளுகளும் வராம இல்ல. வந்து நின்னுக்கிட்டு, "என்ன பண்ணாக?"ன்னு கேப்பாக. "ஒண்ணும் பண்ணல, படுக்க வச்சிருக்காக"ன்னு நான் சொல்லணும். அம்புட்டுதான், மூஞ்சி மாறிரும். ஒண்ணுமில்லாததுக்கு பஸ்ஸு ஏறி வந்துட்டமேன்னு ஆயிரும் அவுகளுக்கு. எங்க நாத்தனா, எங்க வீட்டுக்காரர் கூடப்பொறந்தவ, அவ என்ன பண்ணா தெரியுமா? எம் மகனுக்குன்னு வாங்கியாந்த ஆப்பிள்ல பாதிய எடுத்து ஜெரோம் தலைமாட்டுல வச்சுட்டுப் போறா. "ஆப்ரேசன் பண்ண புள்ள பாவம் மதினி"ங்கறா. அத்தைக்காரி பண்ற வேலையா இது?

ஆப்ரேசன்னு ஒரு வார்த்த சொன்னா ஊருக்குள்ள அதுக்கு ஒரு மருவாத இருக்கு தங்கச்சி. நாளைக்கு நான் ஊருக்குப் போயி என்னத்தச் சொல்றது? புள்ள வயித்துல அடிபட்டுச்சு, பெரியாஸ்பத்திரிக்குப் போனோம், சும்மா படுத்திருந்துட்டு வந்தோம். சிரிக்க மாட்டாக?

அமலிக்கு இன்னொரு வசதி. புருஷன் இங்கயேதான் இருக்காரு. நெனச்ச நேரம் படியில எறங்குனா பார்த்துட்டு வந்துறலாம். அவருக்கு ஒரு வாயி, மகனுக்கு ஒரு வாயின்னு கஞ்சிய எடுத்துக்கிட்டு மேலயும் கீழயுமா ஓடிக்கிட்டு இருப்பா. எம் புருஷன் வண்டிய விட்டுட்டு வர முடியுமா? நான் ஒத்தையாளு.

இதுல கேளு. ரெண்டு நாள் கழிச்சு ஜெரோமத் தூக்கி நிக்க வச்சு நடக்கச் சொல்றாக. ஆமா, வயித்தக் கிழிச்ச புள்ளைய! அவன் சொவத்தப் புடிச்சுக்கிட்டு ஒரு எட்டு வைக்கிறான், சிஸ்டர்மாரெல்லாம் கை தட்டுறாக. அதப் பார்த்துட்டு எம் மகன், "நானும் நடக்கறேம்மா"ன்னு கட்டில்ல இருந்து ஒரு காலத் தொங்கப் போட்டான். அம்புட்டுதான். "ஏய், கால மேல எடு! யாரு உன்ன எறங்கச் சொன்னது? ஏம்மா, ஒங்களுக்கு அறிவில்ல?"ன்னு சிஸ்டர் என்னையும் சேத்து ஒரு வாங்கு. வயித்தக் கிழிச்சவன் நடக்கலாம், கிழிக்காதவன் ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கக் கூடாது. இது எந்த ஊரு நியாயம்?

நேரா டாக்டரம்மாகிட்ட போயிட்டேன். "எங்களுக்கும் ஆப்ரேசன் பண்ணிருங்க"ன்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுது. "எதுக்கும்மா?" "பக்கத்துக் கட்டிலு புள்ளைக்குப் பண்ணீகல்ல? நாங்க மட்டும் என்ன எளப்பம்?" அது சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. "அவனுக்கு ரத்தம் ஏத்த ஏத்த எறங்கிக்கிட்டே இருந்துச்சு. வேற வழியில்லாம மண்ணீரலையே எடுத்தோம். மண்ணீரல்ங்கறது நோய் வராம காக்கற உறுப்பும்மா. உங்க பையனுக்கு அதைக் காப்பாத்திக் குடுக்கத்தான் இந்தப் பாடு. தொடாம இருக்கறதுதான் இவனுக்கு வைத்தியம்."

"தொடாம இருக்கறதுக்கு எதுக்கு டாக்டரு?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதான? அது டேப்ப எடுத்துக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருச்சு. பதில் இருந்தா சொல்லியிருக்கும்ல?

அதுக்கப்புறம்தான் நான் எங்க ஊரு சின்னாத்தாவுக்கு ஆள் சொல்லி விட்டேன். உங்க ஊர்லயும் இருப்பாக. வயிறு தடவி விடுறவுக. புள்ளைகளுக்குக் குடலேத்தம்னா வெளக்கெண்ணெயத் தொட்டு ஒரு தடவு, ஒரு தட்டு, குடல் எறங்கிரும். நான் கூட சின்னதுல அவுக கையில தடவுனவதான். கை பூ மாதிரி. சாயங்காலம் பார்வையாளர் நேரத்துல வந்தாக. மடியில சின்னச் சீசாவுல எண்ணெ. சிஸ்டர் அந்தப் பக்கம் ஊசி போட்டுட்டு இருந்துச்சு. நான் சேலைய விரிச்சு மறைச்சுக்கிட்டேன். சின்னாத்தா எண்ணெயத் தேச்சு இடது பக்கம் கைய வச்சுப் பார்த்துட்டு, "அடியாத்தி, கல்லாட்டம் கட்டியிருக்குடி. இத இப்படியே விட்டு வச்சிருக்காகளே. எறக்கிவிட்டா எல்லாம் சரியாயிரும்"னாக. எனக்கு நெஞ்சு குளுந்துருச்சு. கடைசியில எம் மகனுக்கும் வைத்தியம் பார்க்க ஒரு ஆளு வந்துருச்சுன்னு.

ஒரு தடவுதான் தடவுனாக. ரெண்டாவதுக்கு அழுத்தும்போது மிதுன், "அம்மா வலிக்குது, விடச் சொல்லு"ன்னு கத்துனான். வலிக்கத்தான் செய்யும்னு கையப் புடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் இந்த அமலி, கீழயிருந்து கஞ்சிச் சட்டியோட வந்தவ, பார்த்துட்டா. சட்டியக் கீழ போட்டுட்டு ஓடி வந்து சின்னாத்தா கையப் புடிச்சு இழுக்குறா. "சிஸ்டர்! சிஸ்டர்! பிள்ளை வயித்த அமுக்குறாங்க!"ன்னு வார்டே அலறும்படி கத்துறா.

எனக்கு வந்துச்சே கோவம். "எம் மகன் நல்லாயிட்டா உனக்கு என்னடி? உனக்குப் பொறாம! உம் மகனுக்கு வயித்தக் கிழிச்சிட்டாக, எம் மகன் தழும்பு இல்லாம எந்திரிச்சிருவானேன்னு பொறாம!"ன்னு வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். அவ சின்னாத்தா கைய விடவே இல்ல. கஞ்சியெல்லாம் தரையில. புருஷனுக்குக் கொண்டு போனதா, மகனுக்கு வாங்கியாந்ததா, தெரியல.

திரும்பி மகனப் பார்க்கறேன், உதடு வெளுத்துக் கெடக்கு. நெத்தியெல்லாம் வேர்வை.

அப்புறம் கேக்கணுமா? தடுப்பு வந்துச்சு. டாக்டரம்மா வந்துச்சு, பெரிய டாக்டரு வந்தாரு, அவருக்குப் பின்னால படிக்கிற புள்ளைக ஒரு பட்டாளம். ரத்தப் பையி ஒண்ணத் தொங்க விட்டாக. "தியேட்டர்ல சொல்லி வச்சிருங்க, எந்நேரமும் கொண்டு வருவோம்"னு பெரிய டாக்டரு சொன்னாரு. எங்க கட்டிலச் சுத்தி ஆஸ்பத்திரியே நின்னுச்சு தங்கச்சி. ஜெரோமுக்குக் கூட அம்புட்டுப் பேரு நிக்கல. இத ஒங்கிட்ட எதுக்கு மறைக்கணும், அந்த நேரத்துலயும் நான் திரும்பி, அமலி பார்க்குறாளான்னு ஒரு தடவை பார்த்தேன்.

அவ பார்க்கல. சொவத்தப் பார்த்து முட்டி போட்டு உக்காந்துக்கிட்டு அவுக சாமிய வேண்டிக்கிட்டு இருந்தா. வாயில "மிதுன், மிதுன்"னு எம் மகன் பேருதான்.

அப்புறம் டாக்டரம்மா வெளிய வந்து என்னப் பார்த்த பார்வை இருக்கே. "ஒட்டிக்கிட்டு வந்த கிழிசல அமுக்கி மறுபடி பிரிச்சு விட்டிருக்கீங்க. என்ன ஆகும்னு எனக்கே இப்ப தெரியாது"ன்னுச்சு. நான் வாசப்படியில உக்காந்துட்டேன். ஆப்ரேசன் வேணும் வேணும்னு கேட்டவ, அந்தத் தியேட்டர் கதவப் பார்க்கப் பயந்துக்கிட்டு முந்தானையால மொகத்த மூடிக்கிட்டேன். எம் மகன் மட்டும் போதும் சாமி, வேற ஒண்ணும் வேணாம்னு அழுதேன். அழுதுக்கிட்டே இருந்தேன். அமலி வந்து பக்கத்துல உக்காந்து எந் தலையத் தன் தோள்ல சாச்சுக்கிட்டா. நான் திட்டுன திட்டுக்கு வேற ஒருத்தியா இருந்தா வந்திருப்பாளா?

ரத்தம் ஏறுச்சு, பிரஷர் நின்னுச்சு. கொண்டு போகல. வெட்டல. மறுநாள் டேப்ப வச்சு அளந்துட்டு, "கூடல. அப்படியே இருக்கு"ன்னு டாக்டரம்மா சொன்னப்ப அதுக்கே கண்ணு கலங்கியிருந்துச்சு. விடியவிடிய வீட்டுக்கே போகலையாம், இந்த நாற்காலியிலயேதான் உக்காந்திருந்துச்சாம், சிஸ்டர் சொன்னாக. சும்மா உக்காந்து பார்க்கறதுக்கு. ஆனா மறுபடி ரத்தம் கசிஞ்சது சின்னாத்தா தடவுனதாலதான்னு சொல்றாக பாரு, அத நான் ஒத்துக்க மாட்டேன். அவுக கை பூ மாதிரி. நேரம் சரியில்ல, அம்புட்டுதான்.

அதோட முடிஞ்சிச்சான்னா, இல்ல. இன்னைக்குக் காலையில அமலி கெளம்புறா. டாக்டரம்மா அவ பக்கத்துல கட்டில்லயே உக்காந்துக்கிட்டு ரொம்ப நேரம் பேசுச்சு. எங்கூட ஒரு நாளாச்சும் உக்காந்து பேசியிருக்கா? ஜெரோமுக்கு மாத்திரை, ஜெரோமுக்குத் தடுப்பூசி. ஜெரோமுக்குக் காச்சல்னா பொழுது விடியட்டும்னு இருக்கக் கூடாதாம், உடனே தூக்கிட்டு ஓடி வரணுமாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் இவனுக்கு மண்ணீரல் இல்லன்னு மொதல்ல சொல்லணுமாம். இனிமே எப்பவுமே அப்படித்தானாம். அமலி தலைய ஆட்டிக்கிட்டே இருந்தா. எங்களுக்கு என்ன சொன்னாக தெரியுமா? "நாளைக்கோ நாளன்னைக்கோ போலாம். கொஞ்ச மாசத்துக்கு ஓடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, மரம் ஏறக் கூடாது." அம்புட்டுதான். ஒரு மாத்திரை கூட இல்ல. கேட்டுட்டேன், "எங்களுக்கு மாத்திரை இல்லையா?" "தேவையில்லம்மா, உங்க பையனுக்குத்தான் மண்ணீரல் உள்ள பத்திரமா இருக்கே." என்னமோ எங்கிட்டத் தங்கம் இருக்கற மாதிரி பேசுது.

கெளம்பும்போது அமலி இங்க வந்தா. ஜெரோம் ஒரு கையால சட்டைய வயித்தோட சேத்துப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான், தையல்ல துணி ஒரசுனா கூசுதாம். அவ எம் மகன் தலையத் தடவுனா. அப்புறம் எங்கிட்ட, "அக்கா, ஒரே ஒரு தடவை மிதுன் சட்டையைத் தூக்கிக் காட்டுவீங்களா?"ன்னா.

கேட்டது அவ. முடியாதுன்னு எப்படிச் சொல்றது? தூக்கிக் காட்டுனேன். அவ குனிஞ்சு பார்த்தா. அந்த வட்டமா இருந்த செவப்புக்கூடப் போயிருச்சு, வெறும் வயிறு. என்ன இருக்கு அதுல பார்க்க? அவ கைய மேல கொண்டு போனா, ஆனா தொடல. மேலாப்புல அப்படியே நிறுத்திக்கிட்டா. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. "நல்லா இருக்குக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும் தங்கச்சி. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இம்புட்டு நாளா இந்தக் கட்டிலப் பார்த்து நான் பார்த்துக்கிட்டு இருந்த பார்வைதான் அது. எம் மகன் வயித்த ஒருத்தி அப்படிப் பார்ப்பான்னு நான் நெனச்சதே இல்ல. ஒரு தையல் இல்ல, ஒரு தழும்பு இல்ல, ஊருக்குப் போயிக் காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதப் போயா? அவ நல்லவதான், எம் மகனுக்காக முட்டி போட்டவதான். இருந்தாலும் மனசு கேக்கல. அவ படி எறங்குனதும், வாசல்ல அவ மிதிச்ச எடத்து மண்ண எடுத்து, மகனுக்கு மூணு சுத்துச் சுத்தி வெளிய போட்டுட்டு வந்தேன்.

சரி, காப்பி வாங்கியாரட்டா? காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. உள்ள ஒண்ணும் ஆகாது, பெரிய டாக்டரே நின்னு பண்றாரு. ஃபேனும் இருக்கு. வந்ததும் உம் மகளுக்கும் எல்லாரும் ஓடி ஓடிப் பார்ப்பாக, பாரேன்.

என்ன தங்கச்சி, அழுகைய நிறுத்திட்ட? எங்க பார்க்குற?

டேய் மிதுன். எந்திரி. சட்டையக் கீழ எறக்கி விடுடா.